கறள் இறுகிய ஹப் பெயாரிங்கைக் கழற்றுதல்: காரைநகர் வீதியில் ஓடும் ஒரு கொறொல்லாவின் வேலைப் பதிவு

சில்லு இலகுவாகச் சுழலும்படி குண்டுகள் வைத்துத் தாங்கும் வளையமே பெயாரிங். அது பழுதாகும்போது முதலில் காதுக்குத்தான் தெரியவரும். மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டியதும் வண்டியின் அடியிலிருந்து ஓர் உறுமல் எழும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். கியரை நியூட்ரலில் விட்டாலும் குறையாது. தேய்ந்த ரயரின் சத்தமும் இதைப் போலவே இருப்பதால், ரயரை மாற்றிய பின்னரே பலர் பெயாரிங்கைச் சந்தேகிக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. நல்ல தார் வீதியில் மிதமான வேகத்தில் வலப்புறமாக மெல்ல வளைக்கும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சில்லுகளுக்கு மாறும். அப்போது உறுமல் தடித்து, இடப்புறம் வளைக்கும்போது தணிந்தால், குறை இடப்பக்கப் பெயாரிங்கில்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு வண்டியை உயர்த்தி, ஒரு கையால் சில்லைச் சுற்றிக்கொண்டு மறு கையைச் சுருள் வில்லின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பெயாரிங் என்றால் கையில் எதுவும் உணரப்படாது. கெட்டுப்போனது என்றால், மணலை அரைப்பது போன்ற நடுக்கம் வில்லின் வழியாக விரல்களுக்கு ஏறும்.

என் மச்சானின் ரொயோட்டா கொறொல்லா 121 இல் அந்த நடுக்கம் இடப்பக்க முன் சில்லிலும் பின் சில்லிலும் தெளிவாகவே இருந்தது. அவர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள காரைநகரில் ஆசிரியராக இருக்கிறார். மானிப்பாயிலிருந்து, கடலுக்கு ஊடாகப் போகும் பொன்னாலைத் தாம்போதி வழியாக நாள்தோறும் போய் வருகிறார். மாரி காலத்தில் வாடைக்காற்று எழும்போது கடல்நீர்த் தூறல் வீதியின் மேல் விழுவதும், அந்த ஈரத்தை ரயர்கள் வாரி வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் இறைப்பதும் அந்த வீதியில் ஓடும் எல்லோரும் அறிந்தவை. ஆகவே, பெயாரிங் ஏன் கெட்டது என்பதை விட, அதை எப்படி வெளியே எடுப்பது என்பதே எங்கள் முன் இருந்த பெரிய கேள்வி.

உப்பு இரும்பை எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கழற்றும் வேலையில் அது நேரடியாக உதவும். சாதாரண உப்பு, காற்றின் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 வீதமளவே போதும். அதாவது, நம்முடைய கரையோரக் காற்றில், மழை பெய்யாத நாளிலும் வண்டியின் அடியில் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம், சில்லு பூட்டப்படும் நடுத்துண்டாகிய ஹப்புக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் புகுந்துவிட்டால் வெளியேற வழியில்லை. இரும்பு கறளாக மாறும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. திறந்த இடத்தில் அது செதில் செதிலாக உதிரும், அடைபட்ட இடத்திலோ இரு பக்கத்தையும் நெருக்கும். ஆகவே இறுகிய ஹப் என்பது உண்மையில் ஆப்பு அடித்துப் பூட்டப்பட்ட ஹப் ஆகும். அந்த ஆப்பு, ஹப்பின் உருளைக் கழுத்து அச்சின் துளைக்குள் அமரும் ஒரு குறுகிய வளையத்தில் மட்டும் இருக்கிறது. விசையைக் கண்டபடி செலுத்தாமல் அந்த வளையத்துக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் வேலையின் வெற்றி தங்கியிருக்கிறது.

இவ்வளவு பாடுபடுவதை விட வேறு கார் எடுக்கலாமே என்று கேட்போர் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை பெரிதும் ஏறியிருந்தது. இயந்திரம் நன்றாக ஓடும் ஒரு கொறொல்லாவை இரண்டு பெயாரிங்குகளுக்காகக் கைவிடுவது நியாயமான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்கு முதல் நாள் மாலையிலேயே, கழற்ற வேண்டிய போல்ட்டுகளின் தலையிலும், அச்சும் பிறேக் தட்டும் ஹப்பும் சந்திக்கும் விளிம்பிலும் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, ஊடுருவும் எண்ணெய் விட்டோம். கடையில் விற்கும் புட்டி எண்ணெய் கிடைக்காதபோது, தானியங்கிக் கியர்பெட்டிக்கு விடும் ஏரிஎஃப் எண்ணெயையும் அசிற்றோனையும் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். அவை இரண்டும் தாமாகக் கலந்து நிற்காதவை என்பதால், ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டே ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயும் ஓரளவு வேலை செய்யும். எதை விட்டாலும் இரவு முழுவதும் ஊறவிடுவதுதான் முக்கியம். ஊற்றிய உடனே சுத்தியலைத் தூக்குபவருக்கு அந்த எண்ணெயால் பயன் எதுவும் இல்லை.

வண்டியை உயர்த்துவதைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யக்கின் மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அருகே சம்மட்டி அடிக்கக் கூடாது. யக் ஸ்ராண்ட் இல்லாத வீடுகளில் சீமெந்துக் கல்லை அடுக்கி வைக்கிறார்கள். அது அடியின் அதிர்ச்சியில் முன்னறிவிப்பு இன்றி நொறுங்கும். நாங்கள் ஸ்ராண்டை வைத்துவிட்டு, அதற்குத் துணையாகச் சட்டத்தின் கீழ் வைரம் பாய்ந்த பனங்குற்றிகளையும் இட்டோம். கண்ணாடி அணியாமல் ஒருவரையும் அருகில் விடவில்லை. பெயாரிங் உருக்கு மிகவும் வன்மையானது. அதில் வன்மையான சுத்தியல் நேரே பட்டால் சிறு துண்டுகள் தெறித்துப் பாயும்.

பின் சில்லைக் கழற்றியதும் பிறேக் டிரம் வரவில்லை. இதற்கு அடித்துக் களைக்க வேண்டியதில்லை. டிரம்மின் முகத்தில் மறை (திருகுப்புரி) வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால், டிரம் தானாகவே ஹப்பை விட்டு விலகி வரும். உள்ளே இருக்கும் தூளை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் இருந்திருக்கக் கூடும்.

இந்த வண்டியின் பின் பெயாரிங் தனியாக அழுத்திப் பொருத்தும் வகை அன்று. பெயாரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக வரும். அச்சின் பின்புறமிருந்து நான்கு போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டுகளுக்கு அறுகோணச் சொக்கெற்றைத்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனைச் சொக்கெற் கறள் தின்ற தலையை வழித்துவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சிறு அசைவு, பிறகு தளர்த்தும் பக்கமாக ஓர் அசைவு, மீண்டும் எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் செய்தால் பெரும்பாலான போல்ட்டுகள் இளகிவிடும். இங்கே ஓர் ஆறுதல் உண்டு: மறை இருப்பது தூக்கி எறியப்போகும் ஹப்பில்தான். ஆகவே ஒரு போல்ட் முறிந்தாலும், முறிந்த துண்டு பழைய ஹப்போடு சேர்ந்தே போய்விடும். அதைத் துளையிட்டு எடுக்கும் தலையிடி இல்லை. இதை அறியாமல், முறிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பின்புறப் போல்ட்டுகளின் மீது நெருப்பைப் பாய்ச்சுவோர் உண்டு. பெற்றோல் தாங்கி பின் அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது; அசிற்றோனோ மண்ணெண்ணெயோ ஊறிய இடமும் அது. அங்கே நெருப்பு வேண்டாம் என்று நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். நான்கு போல்ட்டுகளும் முழுதாகவே வந்தன.

போல்ட்டுகள் வந்த பிறகும் ஹப் அசையவில்லை. வழமையாக எல்லோரும் முதலில் நாடுவது, சில்லுப் போல்ட்டுகளில் கொக்கியை மாட்டி, கம்பியில் ஓடும் பாரத்தைப் பின்னுக்கு இழுத்து அடிக்கும் கருவியைத்தான். எனக்கு அது இந்த இடத்தில் இரண்டாந்தரமான வழியாகவே படுகிறது. சில்லுப் போல்ட்டுகள் இருக்கும் முகத்தட்டை இழுக்கும்போது, விசை குண்டுகளின் வழியாகச் சென்றுதான் பெயாரிங்கின் வெளி உடலை அடைய வேண்டும். கறள் பிடித்திருப்பது அந்த வெளி உடலை. அதனால், முகத்தட்டும் குண்டுகளும் பிய்ந்து கையோடு வர, வெளி உடல் மட்டும் அச்சிலேயே நின்றுவிடும் சந்தர்ப்பங்கள் ஏராளம். பிறகு பிடித்து இழுக்க ஒரு பிடிமானமும் இராது.

உளியை ஹப்புக்கும் அச்சுக்கும் இடையே அடித்துப் பிரிப்பது இன்னொரு வழி. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பிறேக் கட்டைகளைத் தாங்கும் மெல்லிய தகட்டுத் தட்டு அகப்பட்டிருக்கிறது. அது வளைந்தால் பிறேக் கட்டைகள் சரிந்து நிற்கும். நாம் வைத்துக்கொள்ளப் போகும் பொருளைப் பலி கொடுத்து, எறியப்போகும் பொருளைக் காப்பாற்றுவதாகவே அது முடியும்.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் ஹப் உடலின் சதுர விளிம்பு மூலை ஒன்றின் பக்கவாட்டில், மொட்டை முனையுள்ள கனத்த இரும்புத் துண்டை வைத்து, அது சுற்றும் திசையில் ஓர் அடி, எதிர்த் திசையில் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடித்தோம். இழுத்துப் பிரிப்பதை விடத் திருகிப் பிரிப்பதற்குக் கறள் விரைவில் இடங்கொடுக்கும். கழுத்தைச் சுற்றியுள்ள கறள் வளையம் அந்தத் திருகலில் நொறுங்கத் தொடங்கும். தொடக்கத்தில் சுத்தியலின் ஓசை ஒரே இரும்பில் அடித்தது போலக் கணீரென்று இருந்தது. பின்னர் ஓர் அடியில் அந்த ஓசை மங்கியது. விளிம்பைச் சுற்றி முடியளவு கோடொன்று திறந்து, அதிலிருந்து செம்மண் நிறத்தில் பொடி கசிந்தது. அந்தக் கோட்டுக்குள் எண்ணெயை விட்டதும் அது உறிஞ்சப்பட்டு மறைந்தது. இறுகிய ஹப் இளகப் போகிறது என்பதற்கு இதை விட நல்ல அறிகுறி கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணை, இன்னும் ஒண்டு பலமாய்ப் போடட்டோ?" என்று சம்மட்டியை ஓங்கினார். "பொறும் தம்பி, எண்ணெய் உள்ளுக்குப் போகட்டும்" என்று சொல்லி, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் அப்படியே விட்டோம்.

பிறகு பழைய போல்ட்டுகள் நான்கையும் பின்புறமிருந்து மீண்டும் ஹப்பில் திருகி, ஒவ்வொன்றின் தலையும் அச்சிலிருந்து 8 மில்லிமீற்றர் அளவு வெளியே நிற்கும்படி விட்டோம். மறை போதிய ஆழம் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் அடியில் மறை உரிந்து போல்ட் மட்டும் உள்ளே பாயும். இந்தத் தலைகளின் மேல் நீண்ட கம்பியை ஊன்றி அடித்தால், அடி நேராக ஹப்பின் வெளி உடலுக்கே போய்ச் சேரும். குண்டுகளும் முகத்தட்டும் இடையில் வருவதில்லை. அச்சுக்கும் தட்டுக்கும் ஒரு சேதமும் இல்லை. அடிக்கும் ஒழுங்கு முக்கியம்: மூலைக்கு மூலை எதிராக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான அடி. ஒரு பக்கமே அடித்தால் ஹப் சரிந்து துளைக்குள் முன்னிலும் மோசமாக இறுகும். எல்லாத் தலைகளும் அச்சைத் தொடும் அளவுக்கு முன்னேறியதும், போல்ட்டுகளைச் சிறிது வெளியே திருப்பி மீண்டும் அதே ஒழுங்கில் அடிக்க வேண்டும். அப்படி அடித்துக்கொண்டு போகையில் ஹப் முழுதாகக் கையில் விழுந்தது. விழுவதற்கு முன்னரே பிறேக் தட்டைக் கம்பியால் சுருள் வில்லோடு கட்டியிருந்தோம். அந்த நான்கு போல்ட்டுகளே தட்டையும் பிடிப்பதால், கட்டாவிட்டால் அது பிறேக் குழாயில் தொங்கி, குழாயை வளைத்துவிடும். ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் முறை) உள்ள வண்டிகளில் ஹப்பின் பின்புறத்தில் வேக உணரியின் இணைப்பு இருக்கும். பழைய பிளாஸ்ரிக் முறுகிப்போயிருக்கும் என்பதால் அதன் பூட்டை முதலில் மெதுவாக விடுவித்துவிட வேண்டும்.

கழற்றிய ஹப்பின் கழுத்தைப் பார்த்தபோது, விசை தாங்கிய இடம் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாகவே இருந்தது. வெளி விளிம்பில் செதில் விட்ட செங்கறள், அதற்கு உள்ளே அமுங்கிக் கருமையாகிப் பளிங்கு போல இறுகிய கறள், அதற்கும் உள்ளே தொழிற்சாலையில் கடைந்த கோடுகள் கூட அழியாத வெள்ளை இரும்பு. உப்பு நீர் எவ்வளவு தூரம் புகுந்தது என்பதை அந்த மூன்று வளையங்களும் காட்டின.

முன் சில்லின் கதை வேறு. அங்கே பெயாரிங், முன் சில்லைத் தாங்கித் திருப்பும் இரும்புத் துண்டாகிய நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டு, வட்ட வளையப் பூட்டு ஒன்றினால் தடுக்கப்பட்டிருக்கும். நக்கிள் முழுவதையும் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதே நல்லது. ஹப்பை வெளியே எடுத்தபோது பெயாரிங் இரண்டாகப் பிரிந்தது. பெயாரிங்கின் உள் வளையங்களில் ஒன்று ஹப்பின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இது எப்போதும் நடப்பதுதான். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் நகத்துக்குப் பிடிகொடுக்காத அந்த வளையத்தைக் கிறைண்டரால் குறுக்காக வெட்ட வேண்டும், ஆனால் முழுவதும் வெட்டக் கூடாது. ஹப்பின் கழுத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னரே நிறுத்திவிட்டு, அந்த வெட்டில் கூர் உளியை வைத்து ஒரு அடி கொடுத்தால் வளையம் வெடித்துப் பிளக்கும். பெயாரிங் உருக்கில் ஏறத்தாழ 1 வீதம் காபனும் 1.5 வீதம் குரோமியமும் இருக்கின்றன. அரத்துக்கு மசியாத வன்மையை அதற்குக் கொடுப்பதும் அதுவே. இப்படி ஒரே அடியில் வெடிக்கும் நொய்மையைக் கொடுப்பதும் அதுவே. கழுத்தில் கிறைண்டர் கீறினால், புதிய பெயாரிங் அந்தக் கீறலின் மேல்தான் அமரும். ஆகவே இந்த இடத்தில் அவசரம் கூடாது.

நக்கிளுக்குள் நின்ற வெளி வளையத்தை எடுக்க, நக்கிளை நகரத்திலுள்ள லேத் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். வட்ட வளையப் பூட்டை அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. சேறும் கறளும் மூடி அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்; அதை எடுக்காமல் பிறெஸ்ஸில் அழுத்தினால் உடைவது பூட்டாக இராது, நக்கிளாகவே இருக்கும். பட்டறை அண்ணை பிறெஸ்ஸில் வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்தம் காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போனது, வளையம் அசையவில்லை. அவர் அழுத்தத்தை மேலும் கூட்டவில்லை. நக்கிளை எடுத்து மேசையில் வைத்து, வெளி வளையத்தின் உட்புறத்தைச் சுற்றி வெல்டிங்கால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஆறவிட்டார். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குகிறது. சுருங்கும் அந்தக் கோடு வளையத்தையும் தன்னோடு உள்நோக்கி இழுக்கிறது. கறளின் பிடி எத்தனை இறுக்கமானதாக இருந்தாலும், வளையத்தின் விட்டமே குறைந்துபோனால் அது எதைப் பிடித்து நிற்கும்? ஆறிய பின் நக்கிளைத் திருப்பிப் பிடித்து மரக்கட்டையில் தட்டியதும் வளையம் விழுந்தது.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. புதிய உதிரிப்பாகம் என்ற சொல்லே இல்லாத அந்த ஆண்டுகளில், உடைக்காமல் கழற்றுவது என்பது இங்கே விருப்பத்துக்குரிய திறமையாக இருக்கவில்லை. கழற்றும்போது உடைந்தால் வண்டி அத்தோடு நின்றுவிடும். பிறெஸ்ஸின் ஊசியைப் பார்த்துக் கையை எடுத்த அந்த நிதானம் அங்கிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன். அத்தகைய கைகள் இன்று குறைந்துவருவது எனக்கு உண்மையான கவலை.

புதியதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை கழற்றும்போது இருந்ததை விடக் குறைவல்ல. நக்கிளின் துளையையும் அச்சின் துளையையும் வெறும் இரும்பு தெரியும்வரை கம்பித் தூரிகையாலும் மெல்லிய எமரித் தாளாலும் துப்புரவாக்கினோம். சிறு கறள் திட்டு ஒன்று மிஞ்சினாலும் பெயாரிங் சரிந்து அமரும். நக்கிளுக்குள் ஏற்றுவதற்கு முன் நக்கிளைச் சற்றுச் சூடாக்கினோம். இரும்பு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர் விரியும்; 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை 100 பாகை சூடேறினால் 0.08 மில்லிமீற்றர் அகலும். கேட்கச் சிறிதாக இருந்தாலும் அழுத்திப் பொருத்தும் வேலையில் இது பெரிய சலுகை. பெயாரிங்கை அதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் எளிது. நக்கிளுக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டுமே விசை விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இது மாறினால் விசை குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கும். புதிய பெயாரிங் முதல் நாளே உறுமத் தொடங்கும். பெட்டியைப் பார்த்து மட்டும் பெயாரிங் வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: கொயோ, என்எஸ்கே, என்ரிஎன் போன்ற பெயர்களில் போலிகள் வருகின்றன, வளையத்தில் பொறித்த எழுத்தின் தெளிவையும் முத்திரை றப்பரின் நேர்த்தியையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பின் ஹப்பின் கழுத்தில் செப்புக் கிறீஸை மெல்லிய படலமாகத் தடவினோம். அச்சோடு தட்டையாகப் பொருந்தும் முகத்தில் தடவவில்லை, நிறமும் பூசவில்லை. அந்த முகங்கள் வெறும் இரும்போடு இரும்பாக இறுகினால்தான் போல்ட்டுகள் நாளடைவில் தளராது. போல்ட்டுகளின் மறையிலும் சிறிது கிறீஸ். முன் அச்சுத் தண்டின் நடு நட்டைப் புதிதாகவே போட்டு, 216 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் ஒடுக்கினோம். அந்த இறுக்கமே பெயாரிங்கின் உள் வளையங்களைச் சேர்த்துப் பிடிப்பதால், அதை முடிக்கும்வரை வண்டியின் பாரத்தைச் சில்லில் இறக்கக் கூடாது. சில்லு நட்டுகள் 103 நியூட்டன் மீற்றர்.

ஓட்டிப் பார்த்தபோது 70 கிலோமீற்றர் வேகத்திலும் ரயரின் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை; ஏபிஎஸ் விளக்கும் எரியவில்லை. நிறுத்தியதும் நான்கு சில்லுகளின் நடுப்பகுதியிலும் கை வைத்துப் பார்த்தோம். புதிய பெயாரிங் போட்ட சில்லு மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தால் எங்கோ இறுக்கம் கூடிவிட்டது என்று பொருள். நான்கும் ஒரே அளவில் இருந்தன. மச்சானிடம் இரண்டு வேலைகளைக் கேட்டுக்கொண்டேன்: ஒரு கிழமை ஓடிய பின் சில்லு நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், வாடை வீசும் மாதங்களில் வண்டியின் அடிப்பக்கத்தை மானிப்பாய் வீட்டு நன்னீர்க் கிணற்றுத் தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். தீவுப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர்ப்பு என்பதால், காரைநகரில் நிற்கும்போது கழுவ வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.